மனவளக்கலைப் பயிற்சி: தவம் பழக வருபவர் அகத்தாய்வுக்காகத் தங்க வேண்டும்

முதுகுத்தண்டின் அடியில் இருப்பதாகச் சொல்லப்படும் குண்டலினி ஆற்றலை எழுப்பும் யோகம் பற்றித் தமிழில் அறிய விரும்புகிறவருக்கு இன்று எளிதில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகை. பரிபாஷை என்னும் மறைமொழியில் அமைந்த சித்தர் பாடல்களுக்கு ஆளுக்கொரு பொருள் சொல்லும் உரைகள் ஒரு வகை; ஒரே அமர்வில் ஆற்றலை உச்சந்தலைக்கு ஏற்றிவிடுவதாக உறுதி கூறும் விளம்பரங்கள் இன்னொரு வகை. முதலாவது படிப்பவரை மலைக்க வைக்கிறது. இரண்டாவது ஏமாற வைக்கிறது. இவற்றுக்கு நடுவே, ஊர்தோறும் ஒரு வாடகைக் கட்டடத்திலோ சொந்தக் கூடத்திலோ, விடியற்காலையிலும் மாலையிலும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வங்கி ஊழியர்களும் கடைக்காரர்களும் இல்லத்தரசிகளும் கற்றுக்கொடுக்கும் ஒரு முறை பல பத்தாண்டுகளாக நடந்து வருகிறது. அதுதான் வேதாத்திரி மகரிஷி வகுத்த மனவளக்கலை. அதன் அடிப்படைப் பயிற்சியையும் காயகல்பத்தையும் அகத்தாய்வு எனப்படும் தற்சோதனையின் மூன்று நிலைகளையும் என் ஊர் மனவளக்கலை மன்றத்தில் கற்று, பொள்ளாச்சியை அடுத்த ஆழியாறு அறிவுத் திருக்கோயிலிலும் தங்கிப் பயின்றவன் என்ற முறையில், சேரலாமா என்று யோசிப்பவர்களுக்காக இந்த மதிப்புரையை எழுதுகிறேன். சேருகிறவர்களில் பெரும்பாலோர் தீட்சைக்காகத்தான் வருகிறார்கள். என் மதிப்பீட்டில் இந்தப் பயிற்சியின் உயர்ந்த பகுதி தீட்சை அன்று. பலரும் பாதியில் விட்டுவிட்டுப் போகும் அகத்தாய்வுதான்.

முறையை வகுத்தவரைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வது பயிற்சியைப் புரிந்துகொள்ள உதவும். சென்னையை அடுத்த கூடுவாஞ்சேரியில் 1911ஆம் ஆண்டு நெசவாளர் குடும்பத்தில் பிறந்த வேதாத்திரி, தறியில் உட்கார்ந்து வளர்ந்தவர். பின்னாளில் நெசவுத் தொழிலை நடத்தியவர். ஓமியோபதி முதலிய மருத்துவ முறைகளைக் கற்றவர். துறவு பூணாமல் இல்லறத்தில் இருந்துகொண்டே யோகத்தில் ஈடுபட்டு, பரஞ்சோதி மகானிடம் குண்டலினி யோகத் தீட்சை பெற்று, 1958இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். 1984இல் ஆழியாற்றில் அறிவுத் திருக்கோயில் எழுந்தது. 2006இல் அவர் மறைந்த பிறகும் மன்றங்கள் ஓயவில்லை. காவி உடுத்தாத, கோயில் வழிபாட்டை வற்புறுத்தாத, சாதி மதம் கேட்காத ஓர் ஆன்மிக அமைப்பு ஒரு குடும்பஸ்தரின் அனுபவத்திலிருந்து உருவானது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், பாடத்திட்டத்தில் சினத்துக்கும் கவலைக்கும் ஏன் அத்தனை இடம் தரப்பட்டிருக்கிறது என்பது விளங்கும். குகையில் தனித்திருப்பவருக்கு அன்றாடம் சினம் மூட்டுவதற்கு ஆள் கிடையாது. வீட்டில் இருப்பவருக்கு உண்டு.

வகுப்பு உடற்பயிற்சியிலிருந்து தொடங்குகிறது. கைப்பயிற்சி, கால்பயிற்சி, நரம்பு தசைநார் மூச்சுப் பயிற்சி, கண் பயிற்சி, கபாலபதி, மகராசனம், உடல் தேய்த்தல், அக்குபிரஷர், உடல் தளர்த்தல் என்று ஒரு வரிசை இருக்கிறது. கடினமான ஆசனம் ஒன்றுகூட இல்லை. முழங்கால் வலி உள்ள அறுபது வயதுக்காரர் ஒருவரும் கல்லூரி மாணவர் ஒருவரும் பக்கத்துப் பக்கத்து விரிப்புகளில் ஒரே பயிற்சியைச் செய்ய முடிகிறது. என்னை மிகவும் கவர்ந்தது கடைசியில் வரும் உடல் தளர்த்தல். மல்லாந்து படுத்துக் கண்களை மூடியிருக்கும்போது ஆசிரியர் கால் விரல்களிலிருந்து தொடங்கி ஒவ்வோர் உறுப்பாகப் பெயர் சொல்லிக்கொண்டே மேலே வருகிறார். நாமும் மனத்தால் அந்தந்த உறுப்புக்குப் போய் அதைத் தளரவிடுகிறோம். கவனத்தை ஓர் இடத்தில் வைக்கவும் அங்கிருந்து எடுத்து வேறோர் இடத்தில் வைக்கவும் பழகும் பாடம் இங்கேயே தொடங்கிவிடுகிறது. ஆகவே உடற்பயிற்சியைத் தவிர்த்துவிட்டுத் தவத்துக்கு மட்டும் வருகிறேன் என்று கேட்பவர்கள் தங்களுக்கே இழப்பைத் தேடிக்கொள்கிறார்கள். உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் கருவுற்றிருப்பவர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கபாலபதியைச் செய்வதற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை ஆசிரியரிடமும் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது ஆக்கினை தவம். இங்கே தவம் என்பது தியானம். இதற்குத்தான் தீட்சை. கற்பனையில் பெரிதாக எதிர்பார்த்து வருபவர்களுக்கு அந்த நிகழ்ச்சி வியப்பூட்டும் அளவுக்கு எளிமையாக இருக்கும். வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் புருவ நடுவை ஆசிரியர் விரலால் தொட்டு, நினைவை அங்கே வைக்கச் சொல்கிறார். மந்திர உபதேசம் இல்லை. பெயர் மாற்றம் இல்லை. குருவுக்கு அடிமையாவதாக உறுதிமொழியும் இல்லை. தொட்ட இடத்தில் சிலருக்குத் துடிப்பும் சிலருக்கு அழுத்தமும் சிலருக்கு வெதுவெதுப்பும் தெரிகிறது. சிலருக்கு ஒன்றும் தெரிவதில்லை. ஒன்றும் தெரியாதவர்கள் மனம் தளர வேண்டியதில்லை என்று எங்கள் ஆசிரியர் சொன்னதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் உணர்ச்சி வருவதையே சாதனையாக எண்ணிக்கொள்வதுதான் இந்தப் பாதையில் முதலில் வரும் வழுக்கல். புருவ நடுவில் யார் கவனத்தைத் தொடர்ந்து வைத்தாலும் அங்கே ஏதோ ஓர் உணர்வு எழும். அந்த உணர்வு கவனத்துக்கு ஒரு பிடிமானம் மட்டுமே; அது ஞானத்தின் அடையாளம் ஆகிவிடாது.

தனிப் பாராட்டுக்கு உரியது சாந்தி தவம். குண்டலினி பற்றிப் பேசும் இடங்களில் எல்லாம் ஏற்றுவது பற்றியே பேச்சு. இறக்குவது பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. மனவளக்கலையிலோ ஆக்கினை கற்ற சில நாட்களிலேயே, நினைவை மூலாதாரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தும் சாந்தி தவத்தைக் கற்றுத் தந்துவிடுகிறார்கள். எங்கள் மன்றத்தில் ஆண்களுக்கு ஆண் ஆசிரியரும் பெண்களுக்குப் பெண் ஆசிரியரும் முதுகுத்தண்டின் அடிப்பகுதியைத் தொட்டுக் காட்டினார்கள். புருவ நடுவில் கவனம் வைத்துப் பழகுபவர்களுக்கு வரக்கூடிய தலைக்கனம், படபடப்பு, தூக்கக் குறைவு ஆகியவற்றுக்கு இது கைமேல் பலன் தருகிறது என்பதை வகுப்பில் இருந்த பலரும் சொல்லக் கேட்டேன். என் அனுபவமும் அதுவே. ஒருவர் தனியாகப் புத்தகத்தைப் பார்த்து இத்தகைய பயிற்சிகளில் இறங்குவதற்கும், இறங்குபடியைத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கப் பழகுவதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. சித்தர் மரபில் இந்த வித்தைகளைக் குருவும் சீடனும் தங்களுக்குள் மறைத்து வைத்திருந்ததற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் எனக்கு ஏற்புடையது பாதுகாப்பு என்ற காரணம். வேதாத்திரி மறைப்பை நீக்கினார். ஆனால் நேரில்தான் கற்க வேண்டும் என்ற விதியை நீக்கவில்லை. அந்த முடிவு சரியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆக்கினைக்கு மேல் உச்சந்தலையில் துரியம், அதையும் கடந்து துரியாதீதம், பிறகு பஞ்சேந்திரிய தவம், பஞ்சபூத நவக்கிரக தவம், ஒன்பது மைய தவம், நித்தியானந்த தவம், இறைநிலைத் தவம் என்று பட்டியல் நீள்கிறது. வழிநடத்தும் குரல் நன்றாக இருந்தால் இவை அனைத்தும் இனிமையானவை. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். தவங்களின் எண்ணிக்கை பெருகப் பெருக, சேர்ந்தவர்களிடையே அடுத்தது எப்போது, அதற்கும் அடுத்தது எப்போது என்று படியேறும் ஆவல் வந்துவிடுகிறது. ஆக்கினையையும் சாந்தியையும் துரியத்தையும் மட்டும் எடுத்துக்கொண்டு சில ஆண்டுகள் நிலையாகப் பழகுபவர் எல்லாத் தவங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டவரைவிட ஆழமாகப் போகிறார் என்பது மன்றத்தில் நான் கண்டறிந்தது. புதிதாக வருபவர் இந்த விஷயத்தில் அவசரம் காட்ட வேண்டாம்.

தத்துவ வகுப்புகளில் சொல்லப்படும் அறிவியல் பற்றியும் என் கருத்தைப் பதிவு செய்கிறேன். மன அலைச்சுழல் என்ற தலைப்பில் பீட்டா 14 முதல் 40, ஆல்ஃபா 8 முதல் 13, தீட்டா 4 முதல் 7, டெல்டா 1 முதல் 3 என்று எண்கள் தரப்பட்டு, தவத்தில் மனம் படிப்படியாக இறங்குவதாக விளக்கப்படுகிறது. மூளையின் மின் அலைகளை ஜெர்மானிய மருத்துவர் ஹான்ஸ் பெர்கர் முதன்முதலில் மனிதரிடம் பதிவு செய்து 1929இல் வெளியிட்டார்; தியானம் செய்பவர்களிடம் ஆல்ஃபா, தீட்டா அலைகள் கூடுவதாகப் பல ஆய்வுகளும் வந்துள்ளன. அந்த அளவில் இது பொருந்துகிறது. எனினும் ஆய்வகத்தில் டெல்டா என்பது கனவற்ற ஆழ்ந்த உறக்கத்தின் முதன்மை அடையாளம். வகுப்பறையில் யாருடைய தலையிலும் கருவியைப் பொருத்தி அளப்பதும் இல்லை. அதே போல வான்காந்தம், சீவகாந்தம் என்று விளக்கப்படும் காந்தத் தத்துவத்தைப் பள்ளியில் படித்த இயற்பியலின் காந்தத்தோடு ஒன்றாக்கிப் பார்க்கக் கூடாது. அவை அகநிலையில் உணரப்படும் ஒன்றைச் சொல்வதற்கு ஒரு ஞானி எடுத்தாண்ட சொற்கள். அப்படிக் கொண்டால் அவற்றில் பொருளும் அழகும் இருக்கின்றன. அறிவியல் நிரூபணமாகக் கொண்டால், இயற்பியல் தெரிந்த ஓர் இளைஞர் முதல் வாரத்திலேயே எழுந்து போய்விடுவார். போனவருக்கு அகத்தாய்வும் சேர்ந்தே கிட்டாமல் போகும். பாடம் நடத்துபவர்கள் இந்த இடத்தில் இன்னும் கவனமாகப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

காயகல்பம் தனி வகுப்பாகக் கற்றுத் தரப்படுகிறது. சித்தர்கள் குறிப்பாகச் சொல்லிச் சென்றதை ஆராய்ந்து வேதாத்திரி எளிமைப்படுத்திய பயிற்சி இது. அசுவினி முத்திரை, ஓஜஸ் மூச்சு ஆகிய இரண்டும் இதன் உறுப்புகள். காலையிலும் இரவிலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். வித்தாற்றல் என்னும் இனப்பெருக்க ஆற்றலைக் காப்பது, முதுமையைத் தள்ளிப்போடுவது என்று இதற்குச் சொல்லப்படும் பலன்களில் எவை மெய் என்று தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. பால் உணர்வைப் பற்றிக் கூச்சமோ கொச்சையோ இல்லாமல், கணவனும் மனைவியும் வயது வந்த பிள்ளைகளும் ஒரே கூடத்தில் அமர்ந்து கேட்கும்படி தமிழில் ஒருவர் பேச முடியும் என்பதை அந்த வகுப்பில்தான் கண்டேன்.

இனி அகத்தாய்வு. இது மூன்று நிலைகளாக நடத்தப்படுகிறது. முதலில் எண்ணம் ஆராய்தல். அடுத்து ஆசை சீரமைத்தலும் சினம் தவிர்த்தலும். பிறகு கவலை ஒழித்தலும் நான் யார் என்ற விசாரணையும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும் கொண்டுவரச் சொல்கிறார்கள். ஆன்மிக வகுப்புக்குப் போய் அட்டவணை போடுவதா என்று முதலில் பலருக்கும் தோன்றுவது உண்டு. ஆனால் அந்த அட்டவணைகளுக்குள்தான் இந்த முறையின் உயிர் இருக்கிறது.

எண்ணம் ஆராய்தலில், ஓர் எண்ணம் எழுவதற்கான ஆறு காரணங்கள் முதலில் சொல்லப்படுகின்றன: தேவை, பழக்கம், சூழ்நிலை நிர்ப்பந்தம், பிறர் மனத் தூண்டுதல், கருவமைப்பு (பெற்றோர், முன்னோர் வழியாக வரும் பதிவுகள்), தெய்வீகம். பிறகு பயிற்சி பெறுபவர் அமைதியாக உட்கார்ந்து, தன் மனத்தில் வரும் எண்ணங்களைக் குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றும் இந்த ஆறில் எதிலிருந்து வந்தது என்று எழுத வேண்டும். செய்து பார்த்தால் தெரியும்: தேவையிலிருந்து எழுந்ததாக நாம் எண்ணிக்கொண்டிருந்தவற்றில் பாதிக்குமேல் பழக்கத்தின் கணக்கிலும், பக்கத்து வீட்டுக்காரரோ உறவினரோ தூண்டிவிட்டதன் கணக்கிலும் போய்ச் சேருகின்றன. இந்தப் பகுப்பை உளவியல் ஆய்வாகக் கொள்ள முடியாது. கருவமைப்பையும் தெய்வீகத்தையும் எப்படி இனம் காண்பது என்ற கேள்விக்கும் வகுப்பில் முழுமையான விடை கிடைக்கவில்லை. இருந்தும், எண்ணத்துக்கும் தனக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி உண்டு என்பதை எழுதும்போதே ஒருவர் உணர்ந்துவிடுகிறார். தவத்தில் பல மாதம் தேடியும் கிடைக்காத அந்த இடைவெளி இங்கே ஒரு தாளில் கிடைக்கிறது.

ஆசை சீரமைத்தல் என்ற தலைப்பிலேயே ஒரு துணிச்சல் இருக்கிறது. திருக்குறளில் வெகுளாமையும் அவா அறுத்தலும் துறவறவியலுக்குள் வைக்கப்பட்டுள்ளன. மனவளக்கலை அந்த இரண்டையும் இல்லறத்தானின் வீட்டுப் பாடமாக எடுத்து வந்துவிட்டது. வரும்போது ஆசையை அறுக்கச் சொல்லாமல் சீர்செய்யச் சொல்கிறது. நோட்டில் தன் ஆசைகளை ஒன்றுவிடாமல் எழுத வேண்டும். வீடு கட்டுவது, மகளுக்கு நல்ல இடத்தில் திருமணம், அலுவலகத்தில் பதவி உயர்வு, கார் வாங்குவது என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் எதிரே இது தேவைதானா, இதை அடைய எனக்கு வசதியும் தகுதியும் உண்டா, அடைந்தால் பின்விளைவு என்ன என்ற கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும். சில ஆசைகள் எழுதும்போதே வெட்கப்பட்டுக் கரைந்துவிடுகின்றன. சில ஆசைகள் நியாயமானவை என்று தெரிந்து உறுதிப்படுகின்றன. அவற்றுக்காக உழைப்பதில் குற்ற உணர்வு வேண்டாம் என்று ஆசிரியர் சொல்கிறார். ஆன்மிகம் என்றாலே எல்லாவற்றையும் விட்டுவிடுவதுதான் என்ற அச்சத்தோடு வரும் இளைஞர்களுக்கு இந்தப் பகுதி பெரிய நிம்மதியைத் தருகிறது.

சினம் தவிர்த்தல்தான் எனக்கு இந்தப் பயிற்சி முழுவதிலும் மிகவும் மதிப்பானது. வேதாத்திரி இதில் எடுத்துக்காட்டும் உண்மை ஒன்று கேட்ட அன்றே நெஞ்சில் தைத்துவிடும்: நாம் பெரும்பாலும் சினம் கொள்வது நம்மீது அன்பு கொண்டவர்கள் மீதும் நமக்கு உதவி செய்பவர்கள் மீதும்தான். எதிரியிடம் நாம் எச்சரிக்கையாக இருக்கிறோம்; அம்மாவிடமும் மனைவியிடமும் தம்பியிடமும் நமக்குக் கட்டுப்பாடு தேவைப்படுவதில்லை. வகுப்பில், நாம் யார் யார் மீது சினம் கொள்கிறோம் என்று பெயர்களை எழுதி, என்ன காரணத்தால் என்று எதிரே குறிக்கச் சொல்கிறார்கள். எழுதி முடித்ததும் எங்கள் கூடத்தில் நிலவிய அமைதி தவத்தின்போதுகூட நிலவியதில்லை. எல்லார் நோட்டிலும் ஏறத்தாழ ஒரே வகையான பெயர்கள்தான் இருந்தன. காரணங்களோ காப்பியில் சர்க்கரை குறைந்தது, தொலைபேசியை எடுக்காதது, சாவியை இடம் மாற்றி வைத்தது என்ற அளவில் இருந்தன. அடுத்து வரும் வழிமுறைதான் நுட்பமானது. பட்டியலில் மிகக் குறைவாகச் சினம் வருபவர் யாரோ அவரிடமிருந்து தொடங்க வேண்டும் என்று எங்கள் ஆசிரியர் சொன்னார். இவரிடம் இந்தக் காரணத்துக்காக நான் சினம் கொள்ள மாட்டேன் என்று தவத்தின் முடிவில் சங்கல்பம் செய்துகொண்டு, அவரை மனத்தால் வாழ்த்த வேண்டும். அவரிடம் வெற்றி கண்ட பிறகு அடுத்த பெயர். எடுத்த எடுப்பிலேயே கடினமான உறவில் கை வைத்துத் தோற்றுப்போய், இதெல்லாம் நமக்கு ஒத்துவராது என்று விலகிவிடாமல் இருக்க இந்த வரிசை காக்கிறது. தவம் இங்கே வேறொரு பொருள் பெறுகிறது. நிலைத்த மனத்தில் இடும் சங்கல்பம் நினைவில் தங்குகிறது. மறுநாள் அதே சூழ்நிலை வரும்போது நாக்கு எழுவதற்கு முன் அந்த நினைவு எழுகிறது.

கவலை ஒழித்தலில் சிக்கல்களை நான்காகப் பிரிக்கிறார்கள்: அனுபவித்தே தீர வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, அலட்சியம் செய்ய வேண்டியவை, உடனடியாகத் தீர்க்க வேண்டியவை. கடனும் நோயும் வேலையின்மையும் ஒருசேர வந்து அழுத்தும்போது எதை எந்தப் பிரிவில் வைப்பது என்பதே பெரிய கேள்வி. அதற்கு நண்பர் ஒருவரோடு உட்கார்ந்து எழுதுவது நல்லது. நான் யார் என்ற விசாரணை உடல், உயிர், மனம் என்று படிப்படியாகப் போய் அறிவில் முடிகிறது. அதை நடத்தும் ஆசிரியரின் ஆழத்தைப் பொறுத்துத்தான் அதன் பயன் அமைகிறது என்பதால் இங்கே விரிவாக எழுதவில்லை.

இந்த மூன்று நிலைகளுக்கும் அடியில் ஓடும் கோட்பாடு அறுகுண சீரமைப்பு. பேராசை நிறைமனமாகவும், சினம் சகிப்புத்தன்மையாகவும், கடும்பற்று ஈகையாகவும், முறையற்ற பால்கவர்ச்சி கற்பாகவும், உயர்வு தாழ்வு மனப்பான்மை சமநோக்காகவும், வஞ்சம் மன்னிப்பாகவும் மாற வேண்டும் என்பது அதன் சாரம். மறைஞான மரபுகள் பலவற்றிலும் ஆற்றலை எழுப்புவது பற்றியும் உலகங்களைக் காண்பது பற்றியும் பேசுபவர்கள், எழுப்பிய ஆற்றல் எந்தக் குணத்தின் கையில் போய்ச் சேரும் என்பதைப் பற்றிக் குறைவாகவே பேசுகிறார்கள். பழைய குணத்தோடு ஆற்றல் சேர்ந்தால் அது திருந்தாத ஓட்டுநரிடம் கொடுத்த புதிய வண்டிதான். மனவளக்கலை இந்த ஆபத்தைக் கண்டு, தவமும் தற்சோதனையும் கூடவே நடக்க வேண்டும் என்று விதித்திருக்கிறது. பாடத்திட்டத்தில் இருக்கும் அந்தச் சமநிலை மன்றத்தின் நடைமுறையில் குறைந்துவிடுகிறது. கூட்டுத்தவத்துக்குக் கூடம் நிறைகிறது. அகத்தாய்வு வகுப்புக்குப் பாதிப் பேர்தான் திரும்பி வருகிறார்கள். முடித்தவர்களிலும் நோட்டை மறுபடி எடுத்துப் பார்ப்பவர்கள் குறைவு. மாதம் ஒருமுறையாவது பழைய மாணவர்களைக் கூட்டி, சினப் பட்டியலில் எவ்வளவு தூரம் வந்திருக்கிறோம் என்று பேசவைக்கும் ஓர் ஏற்பாடு எல்லா மன்றங்களிலும் இருந்தால் இந்தப் பயிற்சியின் மதிப்பு பன்மடங்கு கூடும்.

குடும்பம் பற்றிய பார்வையில் இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். வேதாத்திரி தம் மனைவி லோகாம்பாளின் பிறந்த நாளான ஆகஸ்ட் 30ஐ மனைவி நல வேட்பு நாளாக அமைத்தார். அன்று தம்பதிகள் எதிரெதிராக அமர்ந்து, கணவர் மனைவிக்கு மலரும் மனைவி கணவருக்குக் கனியும் கொடுத்து வாழ்த்திக்கொள்கிறார்கள். நாற்பது ஆண்டு மணவாழ்க்கையில் ஒருமுறைகூட மனைவியை வாய்விட்டு வாழ்த்தியிராத ஒரு பெரியவர், ஆசிரியர் சொல்லச் சொல்ல வார்த்தைகளைத் திருப்பிச் சொல்ல முயன்று, குரல் உடைந்து, மலரை மட்டும் நீட்டியதை அந்த விழாவில் பார்த்தேன். அவர் மனைவி புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இவ்வளவு நல்ல விழா அடுத்த படிக்கும் போக வேண்டும் என்பது என் விருப்பம். பிறந்த வீட்டை விட்டு வந்த மனைவியின் தியாகத்தைப் போற்றுவதோடு, அடுப்படி வேலையிலும் மூத்தோரைப் பார்த்துக்கொள்ளும் சுமையிலும் கணவர் எந்தப் பங்கை எடுத்துக்கொள்ளப் போகிறார் என்பதையும் அன்றே நோட்டில் எழுதவைக்கலாம்.

சேவை என்ற அளவில் பார்த்தால் குறை சொல்ல இடம் குறைவு. என் ஊர் மன்றத்தில் கட்டணம் ஒரு கூலித் தொழிலாளியும் கட்டக்கூடிய அளவில்தான் இருந்தது. அருள்நிதியர் என்றும் பேராசிரியர் என்றும் அழைக்கப்படும் ஆசிரியர்கள் தங்கள் சொந்த வேலையைப் பார்த்துக்கொண்டே தொண்டாக வந்து கற்பிப்பவர்கள். இதனால் வரும் நன்மை, கற்பிப்பவரும் நம்மைப் போலவே வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்பும் உள்ளவர் என்பது. இதனால் வரும் குறை, ஆசிரியருக்கு ஆசிரியர் தரம் மாறுவது. சிலர் வகுப்பைக் கேள்விகளால் உயிர்ப்பிக்கிறார்கள். சிலர் பாடத்தை ஒப்பிக்கிறார்கள். ஆகவே சேர்வதற்கு முன் ஓரிரு நாள் கூட்டுத்தவத்தில் கலந்துகொண்டு, கேள்வி கேட்டால் அந்த ஆசிரியர் எப்படி எதிர்கொள்கிறார் என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது. இங்கே ஒருவரையொருவர் வணங்குவது "வாழ்க வளமுடன்" என்ற வாழ்த்தால்தான். அந்த வாழ்த்தை நாள் முழுவதும் கேட்டுக்கொண்டிருப்பதே முதல் வாரத்தில் மனத்தை இளக்கிவிடுகிறது.

மனநோய்க்கோ வலிப்பு நோய்க்கோ சிகிச்சை பெறுகிறவர்கள் தவப் பயிற்சிக்கு முன் தங்கள் மருத்துவரிடம் கட்டாயம் பேச வேண்டும். தவம் செய்கிறேன் என்று மாத்திரையை நிறுத்தக் கூடாது. துக்கத்தில் இருப்பவர்களும் வரலாம், ஆனால் துரியத்துக்கு விரையாமல் சாந்தி தவத்தோடும் உடற்பயிற்சியோடும் சில காலம் நின்றுகொள்வது நலம். குண்டலினி வழியாகச் சித்துகள் கைகூடும் என்று எதிர்பார்த்து வருபவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. யாருடைய உடலுக்கும் மனத்துக்கும் துன்பம் தர மாட்டேன், துன்பப்படுவோருக்கு இயன்ற உதவியைச் செய்வேன் என்ற இரண்டொழுக்கப் பண்பாட்டைத்தான் மீண்டும் மீண்டும் சொல்லித் தருவார்கள்.

ஆழியாறு பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை போகும் சாலையில், ஆனைமலை அடிவாரத்தில், அணைக்கு அருகில் இருக்கிறது. ஊர் மன்றத்தில் அடிப்படைப் பயிற்சி முடித்த பிறகு அங்கே போய்த் தங்கி அகத்தாய்வு செய்வது மிகச் சிறந்தது என்பேன். வீட்டு அழைப்புகளும் அலுவலகச் செய்திகளும் எட்டாத தூரத்தில், சாத்துவிக உணவோடும் மரநிழலோடும் உட்கார்ந்து எழுதும்போது பட்டியலில் வரும் பெயர்கள் வேறு தெளிவோடு தெரிகின்றன. அடிப்படைப் பயிற்சிக்கே நேராக அங்கே போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாரம்தோறும் திரும்பிப் போய் உட்காரவும் சந்தேகம் கேட்கவும் ஊர் மன்றம்தான் வேண்டும். சேருகிறவர்கள் முதல் நாளே ஆசிரியரிடம் அகத்தாய்வு மூன்று நிலைகளும் அந்த மன்றத்தில் எப்போதெல்லாம் நடக்கின்றன என்று கேட்டு, தேதிகளைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ப விடுப்புக்கும் சொல்லி வைத்துவிட வேண்டும்.